மலையில் அவருக்கு வேறு பெயர்

கச்சிராயபாளையத்தில் மார்கரெட்டை முகம் பார்த்து அறிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். குரலை எல்லோரும் அறிவார்கள். துணிக்கடைத் தள்ளுபடி, அந்தோனியார் கோயில் தேர் பவனி, காணாமல்போன கறவை மாடு, அணையில் தண்ணீர் திறக்கும் நாள், யார் வீட்டிலாவது சாவு, எதுவானாலும் அந்தக் குரலில்தான் தெருவுக்கு வரும். ஆட்டோவின் தலையில் கட்டிய இரண்டு குழாய்களிலிருந்து அது வரும்போது, கரும்பு வெட்டுகிறவர்கள்கூட அரிவாளை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

அவள் பிறந்தது மணலூர்பேட்டையில். அப்பா கூலி வேலைக்குப் போனவர். பள்ளிக்கூடம் பத்தாவதோடு நின்றுவிட்டது. ஒரு திருவிழாப் பூசையில் வாசகம் வாசிக்க வேண்டியவர் வராமல் போக, ஃபாதர் இவளைக் கூப்பிட்டு மைக் முன்னால் நிறுத்தினார். அன்றைக்கு ரேடியோ செட் கட்ட வந்திருந்த பிரிட்டோ, ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு யார் என்று எட்டிப் பார்த்தான். மறுவருஷம் கல்யாணம். அவன் கச்சிராயபாளையத்தில் சவுண்டு சர்வீஸ் வைத்திருந்தான். வீட்டின் பின்னறையில் நாலு பக்கமும் போர்வை தொங்கவிட்டு அவளுக்கு ஒரு பதிவு அறை செய்து கொடுத்தான்.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. எழுதிக் கொடுத்ததை முன்கூட்டியே படித்துப் பார்க்க மாட்டாள். தாளை வாங்கியதும் நேரே மைக் முன்னால் வைத்து வாசித்துவிடுவாள். ஒரு தடவை மனதுக்குள் படித்துவிட்டால் குரலில் உயிர் போய்விடும் என்பது அவள் நம்பிக்கை. சாவுச் செய்திகளில் இறந்தவர் பெயர் வரும்போது அவள் குரல் ஒரு நூல் அளவு தடுமாறும். அது நடிப்பல்ல. அந்தப் பெயரை அவளும் அப்போதுதான் பார்க்கிறாள்.

அந்த வழக்கத்தால்தான் எல்லாம் நடந்தது.

நாலைந்து வருஷத்துக்கு முந்தைய மே மாதம் அது. ஈழம் தனிநாடாக வேண்டுமா என்று அங்கிருக்கும் தமிழர்களிடமே வாக்கெடுப்பு நடத்தச் சொல்லி ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். கள்ளக்குறிச்சிப் பக்கம் இரண்டு குழுக்கள் இறங்கியிருந்தன. இரண்டும் கேட்டது ஒன்றையேதான். ஆனால் யார் உண்மையான ஆதரவாளர் என்பதில் சண்டை. இவர்களை அவர்கள் துரோகி என்றார்கள், அவர்களை இவர்கள் துரோகி என்றார்கள். கடைசியில் கையெழுத்தை விட வசவுதான் அதிகமாகச் சேர்ந்தது.

ஒரு குழுவுக்குப் பச்சமுத்து தலைவன். வெள்ளைச் சட்டை கசங்காத ஆள், பேச ஆரம்பித்தால் கழுத்து நரம்பு புடைக்கும். சிலோன்காரர் ஒருவர் முதல் கையெழுத்துப் போடுவதைப் படம் எடுத்துப் பரப்ப வேண்டும் என்று அவனுக்கு யோசனை. கோயிலுக்குப் பின்தெருவில் குடியிருந்த செபமாலையைத் தேடிப் போனான்.

செபமாலை மன்னாரிலிருந்து படகில் வந்தவர். அகதி முகாமில் சில காலம் இருந்துவிட்டுப் பிறகு வெளியே வாடகைக்கு வீடு பிடித்தார். பெயிண்ட் வேலை செய்தார். சாரம் சரிந்து விழுந்ததில் ஒரு கால் சரியாக ஊன்ற முடியாமல் போனது. கையெழுத்து வாங்கிய அந்த வருஷம்தான் டிவிஎஸ் வண்டியில் துணி மூட்டை கட்டிக்கொண்டு கல்வராயன் மலைக்கு வியாபாரத்துக்குப் போக ஆரம்பித்திருந்தார்.

வாசலில் கேமராவும் கொடியுமாக நின்ற கூட்டத்தைப் பார்த்து அவர் கைகூப்பினார். "நாடு வேண்டாமெண்டு நான் சொல்லேல்லைத் தம்பி. கையெழுத்துத்தான் வேண்டாம்."

மன்னாரில் அவருடைய அம்மா படுத்த படுக்கையாக இருந்தார். போய்ப் பார்த்து வர இவர் அனுமதிக்கு எழுதிப் போட்டிருந்தார். அரசியல் விஷயத்தில் தன் கையெழுத்து எங்காவது இருந்தால் அது தட்டிப்போகும் என்று பயம். அதைக் கேமராவுக்கு முன்னால் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. எதிர்க்குழுப் பையன்கள் தெருமுனையிலிருந்து கை தட்டிச் சிரித்தார்கள். "இன்னா பச்சமுத்தண்ணே, சிலோன்காரனே உனுக்குப் போட மாட்டேன்றான்!"

பச்சமுத்து அன்று மாலையே பிரிட்டோவிடம் தாளைக் கொடுத்தான். மார்கரெட் வழக்கம்போல மைக் முன்னால் வைத்து வாசித்தாள். "தாய்மண்ணுக்குக் கையெழுத்திட மறுத்த செபமாலை! துரோகி! துரோகிகளை அடையாளம் காண்போம்!"

பெயர் வந்த இடத்தில் குரல் தடுமாறவில்லை. வாக்கியம் தானாக ஏறியது. உச்சியில் போய் அந்தச் சொல் மணி அடித்த மாதிரி விழுந்தது. "ஒரே டேக்கு! சூப்பரு!" என்றான் பிரிட்டோ. அவளுக்கும் சந்தோஷம்தான். போர்வையை விலக்கிக்கொண்டு வெளியே வந்த பிறகுதான், செபமாலை என்றால் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மூன்றாவது வரிசையில் உட்காருகிற மனுஷனாயிற்றே என்று உறைத்தது. அதற்குள் பதிவான கார்டு ஆட்டோவுக்குப் போய்விட்டது. ஓட்டுகிற நவுஷாத் தெரு தெருவாகப் போட்டுவிட்டு மலைக்கும் ஏறினான். அந்த மே மாதம் முழுக்க மலையில் அந்தக் குரல் சுற்றியது.

கையெழுத்து இயக்கம் முடிந்தது. தாள்கள் எங்கோ போயின. பச்சமுத்து அடுத்து ஒரு தேர்தல் வேலைக்குப் போய்விட்டான். செபமாலைக்கு அனுமதி வரவில்லை. அம்மா இறந்த செய்தி போனில் வந்தது. முகாம் ஆட்கள் அவருடன் நின்று பேசப் பயந்தார்கள். தெருக்காரர்கள் ஒன்றும் கெடுதல் செய்யவில்லை, பார்த்தால் சிரிப்பதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

ஞாயிறு பூசையில் மார்கரெட் வாசகம் வாசிக்க எழுந்தால் மூன்றாவது வரிசையில் அவரும் எழுந்துகொள்வார். காலை இழுத்தபடி வெளியே போய்க் கிணற்றடியில் நிற்பார். அவள் முடித்ததும் திரும்பி வந்து உட்காருவார். கோபமாக ஒரு பார்வை கிடையாது. மழை பெய்தாலும் போய் நிற்பார். ஒரு ஞாயிறு அவள் தாங்க மாட்டாமல் பூசை முடிந்ததும் கிணற்றடிக்கே போனாள்.

"ஐயா, நான் படிச்சுப் பாக்காம வாசிச்சிட்டங்க. மன்னிச்சிக்கங்க."

"குரல் உங்கட. சொல்லு ஆரோடயெண்டு எனக்குத் தெரியும்," என்றார் அவர். "நீங்க சுகமா இருங்கோ பிள்ளை."

அடுத்த ஞாயிறும் எழுந்து வெளியே போனார். அதன் பிறகு அவள் வாசகம் வாசிப்பதை விட்டுவிட்டாள்.

விட்டாலும் சத்தம் அவளை விடவில்லை. மிக்ஸியை நிறுத்தினால், அது நின்ற அந்த வெறுமையில் தன் குரல் எங்கோ தொலைவில் போய்க்கொண்டிருப்பது கேட்கும். தெருவில் ஆட்டோ துணிக்கடை விளம்பரம் போட்டுக்கொண்டு போகும். ஒவ்வொரு வரி முடிவிலும் அந்த மூன்று எழுத்து தொங்கிக்கொண்டு வருவதாக அவளுக்குப் படும். காற்று மேற்கிலிருந்து அடிக்கிற நாளில் வாசலில் நின்று மலையைப் பார்ப்பாள். அங்கே போன குரல் இன்னும் இறங்கி வரவில்லை, காட்டுக்குள் எங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறது என்று நினைப்பாள். பிரிட்டோவிடம் சொன்னாள். "காதுல அழுக்கு இருக்கும், போய்க் காட்டு," என்றான் அவன். காட்டினாள். காது நன்றாகத்தான் இருந்தது.

இப்படியே வருஷங்கள் போயின. போன தை மாதம் ஒரு விடியற்காலை செபமாலை தூக்கத்திலேயே இறந்துபோனார்.

காலையில் அவர் மனைவி பிலோமினா வந்து மார்கரெட் வீட்டு வாசலில் நின்றாள். அழுது முடித்த முகம்.

"அவர் போயிட்டார் பிள்ளை. நாளைக்குக் காலையில அடக்கம். மலைச் சனத்துக்குச் சொல்ல வேணும். அவையள்தான் அவற்ற சனம். எனக்கு மலையில இருக்கிறவையள் போதும், கீழ இருக்கிறவையள் வராட்டியும் பரவாயில்லையெண்டு சொல்லுவார். அவையளும் வராட்டி அவரைத் தூக்கவே ஆளில்லை."

"நான் பதிஞ்சு குடுக்கறங்கம்மா."

"உம்மட குரலிலதான் சொல்ல வேணும். அந்தச் சொல்லு போன ரோட்டெல்லாம் அவற்ற பேரும் ஒருக்காப் போகட்டும்." போகத் திரும்பியவள் நின்றாள். "ஒண்டே ஒண்டு கேக்கிறன். அந்தச் சொல்லு நாளைக்கு என்ர வாசலில கேக்கக் கூடாது. மனுசன் நிம்மதியா வெளிக்கிடட்டும்."

"கேக்காதும்மா. நான் பாத்துக்கறேன்," என்றாள் மார்கரெட். யாரும் கேட்காமலேயே தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள்.

அவள் பதிவு செய்யவில்லை. மைக்கை எடுத்துக்கொண்டு தானே ஆட்டோவில் ஏறினாள். இத்தனை வருஷத்தில் அது முதல் தடவை.

"இன்னாக்கா இது அதிசயமா கீது," என்றான் நவுஷாத். "குழாய்ல பேசற பொம்பளை இவ்ளோ குட்டையான்னு ஜனங்க கேக்கப் போறாங்க."

அவள் சிரிக்கவில்லை. அவனும் பேச்சை விட்டுவிட்டான். கோமுகி அணை தாண்டி வளைவுகள் ஆரம்பித்தன. வண்டி முனகிக்கொண்டு ஏறியது. கரியாலூர் நெருங்கும்போது அவன் மறுபடி வாயைத் திறந்தான்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோச்சிக்கக் கூடாது."

"சொல்லுப்பா."

"மேல போயி செபமாலைன்னு சொன்னா ஒருத்தனுக்கும் தெரியாது."

"வருஷக்கணக்கா வந்துக்கினு கீறாரு, எப்பிடித் தெரியாம போவும்?"

"ஆளைத் தெரியும். பேரு தெரியாது. அவரு வர ஆரம்பிச்ச புதுசுலதான் நம்ம வண்டி போச்சு, இல்ல? அந்த வார்த்தைதான் இங்க அவரு பேரு. எல்லாரும் அப்பிடித்தான் கூப்புடுவாங்க. நானே எத்தினி வாட்டி கேட்டுக்கீறேன்."

மார்கரெட்டுக்குக் கையிலிருந்த மைக் குளிர்ந்துபோன மாதிரி இருந்தது. இறங்கி வராத தன் குரல் எங்கே தங்கியிருந்தது என்று அப்போது தெரிந்துவிட்டது.

"நான் அதைச் சொல்ல மாட்டேன்," என்றாள்.

வெள்ளிமலைக் கடைத்தெருவில் வண்டியை நிறுத்தி அவள் பேசினாள். மன்னாரில் பிறந்து கச்சிராயபாளையத்தில் வாழ்ந்த செபமாலை அவர்கள் இறைவனடி சேர்ந்தார், நாளை காலை நல்லடக்கம். டீக்கடையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "யாருய்யா அது?" "டவுன் ஆளு போல கீது." டீ குடிக்கத் திரும்பிவிட்டார்கள். அவள் விடவில்லை. டிவிஎஸ்ஸில் துணி கொண்டுவருவாரே என்றாள். அப்படி நாலு பேர் வருகிறார்கள் என்றார்கள். கால் இழுத்து நடப்பாரே என்றாள். ஒருவன் யோசித்தான், அவனுக்கும் பிடிபடவில்லை.

அடுத்த ஊர், அதற்கடுத்த ஊர். எங்கும் இதே கதை. நவுஷாத் கெஞ்சினான். "ஒரே ஒரு வாட்டி சொல்லுக்கா. மலையே இறங்கி வரும்." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். சொன்னால் ஆட்கள் வருவார்கள், அந்தச் சொல்லும் கூடவே வரும். சொல்லாவிட்டால் அவரைத் தூக்க ஆளில்லை.

மரவள்ளிக் காட்டு ஓரத்தில் ஒரு பெண் கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். பெயர் ரங்கம்மாள். கையை நெற்றியில் வைத்துக்கொண்டு குழாய்ச் சத்தத்தைக் கடைசி வரை கேட்டாள். பிறகு ஆட்டோவிடம் வந்தாள்.

"கால் இழுத்துக்கினு வருவாரே... எதைக் கேட்டாலும் ஆமான்றதுக்கு 'ஓம்'னு சொல்லுவாரே, அவரா?"

"அவருதாம்மா!"

"ஐயோ, நம்ம துரோகியா!" ரங்கம்மாள் நெஞ்சில் அறைந்துகொண்டாள். "பாரதி, ஓடியாடி! நம்ம துரோகி செத்துட்டாராம்டி!"

காட்டுக்குள்ளிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். என் கல்யாணப் புடவை அவர் கொண்டுவந்தது என்றாள் ஒருத்தி. பிரசவ வலியில் கிடந்தவளைத் தன் வண்டியில் பத்திரமாக உட்கார வைத்துக் கரியாலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார் என்றாள் இன்னொருத்தி. எல்லாமே அந்தப் பெயரில்.

"அம்மா, அந்தப் பேரு வேணாம்மா. அது திட்டு," என்றாள் மார்கரெட்.

"திட்டுன்னு எங்களுக்கும் தெரியும்," என்றாள் ரங்கம்மாள். "ஏதோ ஒரு பொம்பளை மைக்குல சொல்லிக்கினு போனா. அந்நேரம் இவரு புதுசா வந்தாரா, பசங்க வெளையாட்டுக்கு அப்பிடிக் கூப்ட்டுச்சிங்க. அவரு கோச்சிக்கல, திரும்பி 'ஓம்'னாரு. அப்புறம் அதுவே பேரா நிலைச்சுப்போச்சு. இப்ப அதுல எங்க கீது திட்டு?"

அந்தப் பொம்பளை நான்தான் என்று சொல்ல மார்கரெட்டின் வாய் திறந்தது. வந்தது வேறு பேச்சு.

"பேரு செபமாலை," என்றாள் கடைசியில். "நாளைக்கு அங்க வந்து செபமாலைன்னு சொல்லி அழுவுங்கம்மா. அவங்க வூட்டம்மா அந்த வார்த்தையைக் காதால கேக்கக் கூடாதுன்னு கீறாங்க."

ரங்கம்மாள் அவளை விநோதமாகப் பார்த்தாள். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை இரண்டு குட்டியானை வண்டிகள் நிறைய மலை ஜனம் வந்து இறங்கியது. மார்கரெட் தெருமுனையிலேயே காத்திருந்து ஒவ்வொருவர் கையாகப் பிடித்து, செபமாலை, செபமாலை என்று சொல்லி அனுப்பினாள். தெருக்காரர்கள் அவரவர் வீட்டு ஜன்னலிலிருந்து வேடிக்கை பார்த்தார்கள். முகாமிலிருந்து வந்த சிலர் ஒதுங்கி நின்றார்கள்.

பெட்டியைச் சுற்றி மலைப் பெண்கள் நெருக்கமாக உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததோடு சரி. ஒருவரும் வாய் திறக்கவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தார்கள். அத்தனை பேர் நிறைந்த வீட்டில் ஈ பறக்கிற சத்தம் கேட்டது.

பிலோமினா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு மார்கரெட்டை ஜாடை காட்டிப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"ஏன் பிள்ளை ஒருத்தரும் அழேல்லை? தன்ர சனமெண்டெல்லோ சொன்னவர். எனக்கு ஆறுதலுக்குச் சொன்ன பொய்யோ?"

மார்கரெட் ரங்கம்மாளிடம் குனிந்தாள். "அழுவுங்கம்மா. தயவுசெஞ்சு."

"எப்பிடி அழுவறது?" ரங்கம்மாள் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "எங்க ஊருல, உசுரோட இருந்தப்ப இன்னான்னு கூப்ட்டமோ அப்பிடிக் கூப்ட்டுத்தான் அழுவணும். தெரியாத பேரைச் சொல்லி அழுதா செத்தவரு யாரையோ கூப்புடறாங்கன்னு போய்க்கினே இருப்பாரு. நீ அந்தப் பேரைச் சொல்லக் கூடாதுன்ட்ட. நாங்க வாயை மூடிக்கினு கீறோம்."

ஃபாதர் வந்துவிட்டார். பெட்டியை மூட ஆணியும் சுத்தியலும் கொண்டு வந்து வைத்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம்தான். மார்கரெட் பிலோமினாவின் காலடியில் உட்கார்ந்தாள். மலையில் அவருக்கு என்ன பெயர், அது எப்படி வந்தது, யார் குரலில் போனது என்று எதையும் மறைக்காமல் சொன்னாள். மைக் இல்லாமல், எழுதிக் கொடுத்த தாள் இல்லாமல், ஒவ்வொரு சொல்லையும் சொல்வதற்கு முன்னால் தெரிந்துகொண்டு சொன்னாள்.

பிலோமினா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்பிடிக் கூப்பிட்டால் அவர் என்ன செய்யிறவர்?"

"'ஓம்'னு திரும்பிப் பாப்பாராம்."

"என்னட்ட ஒருநாளும் சொல்லேல்லை." அவள் கணவன் முகத்தைப் பார்த்தாள். "இத்தனை வருசமா மேல ஒரு பேர், கீழ ஒரு பேரெண்டெல்லோ வாழ்ந்திருக்கிறார்."

பிறகு பெட்டியின் தலைமாட்டுக்கு நகர்ந்து மண்டியிட்டாள். இரண்டு உள்ளங்கைகளாலும் செபமாலையின் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள். ரங்கம்மாளைப் பார்த்து, "அழுங்கோ," என்றாள்.

ரங்கம்மாள் ஒரு மூச்சு இழுத்தாள். "துரோகீ... எங்க துரோகீ... எங்களை வுட்டுட்டுப் போனியே துரோகீ..." அவ்வளவுதான். அடைத்து வைத்திருந்தது அத்தனையும் உடைந்தது. பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து ஆடி ஆடி அழுதார்கள். ஆண்கள் துண்டை வாயில் பொத்திக்கொண்டு அதே பெயரைச் சொல்லி விம்மினார்கள். அந்தச் சொல் வீட்டை நிறைத்து, வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போனது. ஜன்னல்களில் நின்ற தெருக்காரர்கள் வாசலுக்கு வந்தார்கள். தயங்கித் தயங்கி இரண்டு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள்.

மார்கரெட் சுவரோடு ஒட்டி நின்றாள். எத்தனையோ தடவை காதில் கேட்ட சொல்தான். ஒவ்வொரு தடவையும் அது அவள் குரலில் வந்தது. இன்று அத்தனை குரல்களுக்குள் தன் குரலைத் தேடினாள். அது எது என்று பிரித்துச் சொல்ல அவளால் முடியவில்லை. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

ரங்கம்மாள் மண்டியிட்டு நகர்ந்து வந்து பெட்டியின் விளிம்பில் தலையை மோதிக்கொண்டாள். "துரோகீ, ஒருவாட்டி ஓம்னு சொல்லு," என்று கதறினாள்.

 பிலோமினா அவர் காதிலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்தாள்.